வலிப்புக்குக் கதிர்க்கத்தி: ஊர் திரும்பிய பிறகு விடும் பிழைகள்

கதிர் அடித்த கையோடு வலிப்பு நின்றுவிடும் என்று நம்புவதுதான் முதற்பிழை. கதிர்க்கத்தி எனும் காமா நைஃப், மூளையில் வலிப்பு கிளம்பும் இடத்தில் கதிரைக் குவிக்கும் சிகிச்சை; எதையும் வெட்டி எடுப்பதில்லை. மூளையின் பக்கவாட்டிலுள்ள டெம்பொரல் மடலின் உட்புறத்துக்கு ஒரே அமர்வில் 24 கிறே (கதிரை அளக்கும் அலகு) கொடுத்தாலும், பலன் தெரிய 9 முதல் 15 மாதமாகும். சிலருக்கு இன்னும் பிந்தும். இடையில், வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ எழும்புவது போன்ற முன்னறிகுறிகள் கொஞ்ச நாளைக்குக் கூடவும் செய்யும். "காசும் போச்சு, வருத்தமும் போகல்ல" என்று குளிசையை விடுகிறவர்களும் உண்டு, ஒரு மாதம் வலிப்பு வராததைக் கண்டு விடுகிறவர்களும் உண்டு. இருவரையும் அது ஓயாத வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடும். குளிசையைக் குறைப்பது நரம்பியல் நிபுணரின் வேலை.

வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு விடிய விடிய முழித்திருப்பதும் அந்தக் காலத்தில் ஆகாது. நோன்பு பிடிப்பதென்றால் குளிசை நேரத்தை மாற்றலாமா என்று றமழான் பிறக்கும் முன்பே கிளினிக்கில் கேட்க வேண்டும். வாவியில் தனியே தோணி வலிப்பதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் வேண்டாம்.

அடுத்தது தலையிடி. கதிர் பட்ட இடம் பல மாதம் கழித்து வீங்கும். சத்தி, பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் பனடோல் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். வீக்கத்துக்குத் தரும் டெக்ஸாமெதசோனைத் திடீரென நிறுத்தக்கூடாது. சீனி வருத்தம் உள்ளவருக்கு அது சீனியை ஏற்றும். பெனிட்டோயின், கார்பமசெபின் ஆகிய வலிப்புக் குளிசைகளை எடுப்பவரின் உடலில் அது சீக்கிரம் கரைந்துபோவதால் அளவு போதாமல் போகலாம். எடுக்கிற குளிசை எல்லாவற்றையும் டொக்டரிடம் காட்டுங்கள்.

கத்திக்குப் பயந்து கதிரைத் தேர்வதும் யோசிக்க வேண்டியது. கதிரையும் திறந்த சத்திரசிகிச்சையையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ரோஸ் ஆய்வில் மூன்றாம் ஆண்டில் வலிப்பின்றி இருந்தவர்கள் கதிரில் 52 சதவீதம், திறந்த சத்திரசிகிச்சையில் 78 சதவீதம். சத்திரசிகிச்சை தாங்காத உடம்புக்கும், வலிப்பு கிளம்பும் இடமான குவியம் கைக்கெட்டாத ஆழத்தில் இருப்பவருக்கும் கதிர் பெறுமதியானது. அதற்கும் முன், பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் எடுத்தும் அடங்கவில்லை என்பது உறுதியாக வேண்டும். அரைகுறையாக விழுங்கிய குளிசை அந்தக் கணக்கில் சேராது.

இந்தச் சிகிச்சைக்காக இந்தியா போய் வருகிறவர்கள் டயக்னோசிஸ் கார்ட்டை மட்டும் கொண்டுவருகிறார்கள். எம்ஆர்ஐ சீடியும், எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்ற திட்டத் தாளும் கட்டாயம் வேண்டும். ஒரு வருடம் கழித்து மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஸ்கான் எடுக்கும்போது, அந்தத் தாள் இல்லையென்றால் கதிர் வீக்கத்தைக் கட்டி என்று நினைத்துவிட இடமுண்டு.