பழைய கீசர்: சரி செய்வதா, மாற்றுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்குப் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் ‘பாய்லர்’ என்றால் செம்பு பாய்லர்தான். நடுவில் ஒரு குழாய். அதில் விறகையோ கொட்டாங்குச்சியையோ போட்டுப் பற்றவைத்தால் சுற்றிலும் உள்ள தண்ணீர் சுடும். ஓட்டை விழுந்தால் பாத்திரக் கடையில் பற்றவைத்துக் கொடுப்பார்கள், மறுபடி வருடக்கணக்கில் ஓடும். குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் அப்படிப்பட்ட பொருள் இல்லை. அதன் பாகங்களில் பெரும்பாலானவற்றை மாற்ற மாற்ற அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு பாகம், உள்ளே இருக்கும் டேங்க், போய்விட்டால் அதோடு முடிந்தது. இந்த வித்தியாசம் தெரியாததால் நல்ல கீசர் காயலான் கடைக்குப் போகிறது. போக வேண்டிய கீசர் சுவரிலேயே தொங்குகிறது.

கோயம்புத்தூரில் என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 25 லிட்டர் கீசர், வாங்கிப் பத்து வருடம் தாண்டியிருந்தது. தினமும் காலையில் அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வந்து பார்த்தவர் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “டேங்க் ஓட்டையாயிருச்சுங்கம்மா, புதுசு வாங்கிக்கங்க” என்றார். பெரியம்மாவும் எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினார். இரண்டாம் நாளே புதியதும் சொட்டியது. கடைக்காரரிடம் சண்டை போடலாம் என்று கிளம்பியவரை நிறுத்திவிட்டு, அடியில் ஒரு மக்கை வைத்துப் பார்த்தோம். சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்தில் சொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் சூடாகி விளக்கு அணைந்ததும் நின்றுவிட்டது. மக்கில் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர். சொட்டிய இடம் டேங்க் இல்லை, குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் குழாயில் இருக்கும் சேஃப்டி வால்வு.

அது கோளாறே இல்லை. தண்ணீர் சூடானால் விரியும். 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டரை 65 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறக்குறைய 400 மில்லி அதிகமாகும். வந்த வழியே திரும்பிப் போக முடியாதபடி வால்வு தடுப்பதால், அந்த உபரி அழுத்தத்தை அதே வால்வு சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. வால்வின் வேலையே அதுதான். நாள் முழுக்க, சுவிட்ச் போடாதபோதும் சொட்டினால் வால்வு பழுதாகியிருக்கலாம், அல்லது வீட்டுக்கு வரும் தண்ணீரின் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். இரண்டுக்குமே புது கீசர் மருந்து இல்லை. பெரியம்மாவின் பழைய கீசர் இன்னும் சில வருடம் உழைத்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

சொட்டு வால்வில் எரிச்சலாகி அதன் வாயை அடைத்துவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஏன் என்று கீழே வருகிறேன்.

எங்கே கசிகிறது என்று பார்க்காமல் முடிவெடுப்பது

சரி, வால்வு இல்லை, கீசரிலிருந்துதான் வருகிறது என்றால்? அப்போதும் பாதிக் கதைதான் தெரிந்திருக்கிறது. மெயினை அணைத்துவிட்டு, மெக்கானிக்கை வைத்து அடிப்பக்க பிளாஸ்டிக் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீரைச் சூடாக்கும் காயில் (ஹீட்டர் கம்பி) பொருத்தியிருக்கும் வட்டத் தகட்டின் போல்ட்டுகளைச் சுற்றி ஈரம் முத்து முத்தாக நின்றால் கேஸ்கெட் போயிருக்கிறது. ரப்பர் வளையம்தான், மாற்றினால் சரியாகிவிடும். தகடு காய்ந்திருந்து, வெளிக்கூட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் உள்ள மஞ்சள் நுரையிலிருந்து துரு கலந்த தண்ணீர் ஊறி வந்தால் டேங்க் போய்விட்டது.

டேங்க் போனால் சரி செய்ய முடியாதா என்று கேட்பார்கள். முடியாது. இன்று விற்கும் பெரும்பாலான கீசர்களின் டேங்க், உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு பூசிய இரும்பு. வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் உள்பூச்சு வெடித்து உதிரும். ஒரு ஓட்டையை அடைக்கப் போய் அதைச் சுற்றிப் பத்து இடத்தில் இரும்பு தண்ணீரில் நிற்கும். வெளியிலிருந்து எம்-சீல் ஒட்டுவது இன்னும் மோசம். உள்ளே அழுத்தத்தோடு வெந்நீர் நிற்கும் பாத்திரம் அது.

ஆனோடு ராடை மறந்துவிடுவது

இந்த டேங்க் சீக்கிரம் சாவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் பார்க்காமல் விட்ட ஒரு கம்பி. விரல் தடிமனில் ஒரு மக்னீசியம் கம்பி டேங்குக்குள் இருக்கும், அதுதான் ஆனோடு ராடு. கண்ணாடிப் பூச்சில் எங்காவது மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் தண்ணீர் இரும்பை அரிக்கப் பார்க்கும். மக்னீசியம் இரும்பைவிட வேகமாக அரிபடும் உலோகம், அதனால் இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகிறது. முழுக்கக் கரைந்த பிறகு அடுத்தது டேங்க்தான்.

உப்பு குறைந்த சிறுவாணி அணைத் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் இது மெதுவாக நடக்கும். ஆனால் எங்கள் ஊரில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு லைன் இருக்கும் வீடுகளே அதிகம், குளியலறைக்குப் போவது போர்வெல்லின் உப்புத் தண்ணி. அங்கே வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது. ஒரு வீட்டில் கழற்றியபோது கையில் வந்தது சீரகம் ஒட்டிய கம்பி மாதிரி இருந்தது. நடுவில் இருக்கும் மெல்லிய இரும்புக் கம்பியும், அதன்மேல் அங்கங்கே கொஞ்சம் வெள்ளைப் பொருக்கும்தான் மிச்சம். டேங்க் அப்போது கசியவில்லை. புது கம்பி போட்டார்கள், இன்றும் ஓடுகிறது. புது கீசரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கம்பி ஒரு செலவே இல்லை. ஆகவே பழைய கீசருக்குச் செலவு செய்யலாமா என்ற கேள்வி வரும்போது, வருடத்தை எண்ணுவதற்கு முன்னால் இந்தக் கம்பியைப் பாருங்கள். கம்பி பாதியாவது மிச்சமிருந்து டேங்கும் கசியவில்லை என்றால் எட்டு வருடமானாலும் ரிப்பேர் செய்யத் தகுந்த கீசர்தான். கம்பி எப்போதோ கரைந்து, அடியில் துரு வண்டல் கொட்டினால் நான்கு வருடக் கீசரிலும் பெரிய செலவு செய்ய மாட்டேன்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் டேங்க் கெட்டுவிட்டது என்று மாற்றிவிடுகிறார்கள். தண்ணீரில் உள்ள சில பாக்டீரியாக்களும் இந்த மக்னீசியமும் சேர்ந்து உண்டாக்கும் வாயுவின் வாடை அது. டேங்கைக் காலி செய்து கழுவி, 60 டிகிரி வைத்து ஓட்டினால் பெரும்பாலும் குறையும். செந்நிறத் தண்ணீர் வந்தால் முதலில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். அதிலும் அதே நிறம் என்றால் கீசர் காரணம் இல்லை, பழைய ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) துருப்பிடித்திருக்கலாம்.

சூடாகவில்லை என்றதும் மாற்றுவது

சூடாகாத கீசர்தான் ரிப்பேருக்கு மிகவும் ஏற்றது. அதிகச் சூட்டில் தானாக வெட்டிக்கொள்ளும் கட்-அவுட் விழுந்திருக்கலாம், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போயிருக்கலாம், காயில் எரிந்திருக்கலாம். மூன்றுமே தனியாகக் கிடைக்கும் பாகங்கள். 2000 வாட் காயிலை மல்டிமீட்டரில் வைத்தால் 26 ஓம் பக்கம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் எரிந்துவிட்டது. ஒருவேளை அந்த மாடலுக்குப் பாகமே கிடைக்கவில்லை என்றால் மட்டும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

உப்புத் தண்ணீர் வீட்டில் கழற்றிய காயிலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சுண்ணாம்புக் கல் சுற்றிச் சுற்றி வளர்ந்து, கம்பி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தண்ணீர் சூடாகும்போதுதான் இந்தச் சுண்ணாம்பு படிகிறது. சூடு கூடக் கூட அதிகம் படியும். 75-இல் வைத்திருப்பதை 55 அல்லது 60-க்குக் குறைத்தாலே படிவது குறையும். படிந்ததைக் கரைக்க பாத்ரூம் ஆசிட்டை ஊற்றாதீர்கள், காயிலின் உலோகத்தையும் தின்றுவிடும். சிட்ரிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் போதும்.

கரண்ட் பில் குறையும் என்று மாற்றுவது

கடையில் அதிகம் சொல்லப்படும் காரணம் இது. 25 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற 0.87 யூனிட் வேண்டும். பத்து வருடக் கீசருக்கும் அதே 0.87, நேற்று வாங்கியதற்கும் அதே 0.87. சுண்ணாம்பு படிந்த காயிலும் தன் சூட்டை அந்தத் தண்ணீருக்குள்தான் விட்டாக வேண்டும். படிந்த சுண்ணாம்பால் காயில் சீக்கிரம் எரியும், பில் பெரிதாக ஏறாது. அப்படியானால் கீசரில் ஒட்டியிருக்கும் மின்சிக்கன ஸ்டார் எதற்கு? சூடான தண்ணீர் அப்படியே நிற்கும்போது ஒரு நாளில் எவ்வளவு சூடு வெளியே போகிறது என்பதை அளந்து கொடுப்பதுதான் கீசரின் ஸ்டார். நாள் முழுக்க ஆனில் வைத்திருக்கும் வீட்டில் அதனால் லாபம் உண்டு. அரை மணி நேரம் போட்டு, குளித்து, அணைத்துவிடும் வீட்டில் அதற்காகவென்று மாற்ற வேண்டியதில்லை.

ஷாக்கையும் டிரிப்பையும் ‘சமாளிப்பது’

இதுவரை சொன்ன தவறுகளில் பணம் போகும். இதில் உயிர் போகும்.

காயிலின் மேலுறை வெடித்தால் தண்ணீரில் கரண்ட் கசியும். கசிவைக் கண்டதும் கரண்டைத் தானாக வெட்டும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் உடனே விழும். கீசர் போட்டால் மெயின் விழுகிறது என்று கூப்பிட்டால், எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு “இப்பப் பாருங்க, விழுகாது” என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். கசிவு நிற்கவில்லை. அது போவதற்கு இருந்த வழியைத்தான் எடுத்திருக்கிறார்கள். அடுத்த வழி, ஈரத்தோடு குழாயைத் தொடும் உடம்பு. குளிக்கும்போது லேசாகச் சுர்ரென்றாலும் அன்றே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காயிலை மாற்றி, எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகுதான் மறுபடி போட வேண்டும்.

இன்னொன்று, “தெர்மோஸ்டாட் போயிருச்சு, டைரக்ட் பண்ணிட்டேன்” என்பது. தண்ணீர் சூடானதும் கரண்டை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது தவறினால் கட்-அவுட். அதுவும் தவறினால் சேஃப்டி வால்வு. டைரக்ட் செய்தால், அதாவது கரண்டை நேராகக் காயிலுக்குக் கொடுத்தால், முதலாவது போய்விடும், பல நேரம் இரண்டாவதும் சேர்ந்து போகும். சொட்டுகிறதே என்று வால்வை அடைத்த வீட்டில் மூன்றாவதும் இல்லை. அழுத்தத்தில் நூறு டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் ஒரு பகுதி, டேங்க் பிளந்த நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். அப்படி டைரக்ட் செய்த கீசர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே அணைத்து வையுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

டேங்க் போய்விட்டது, புதியது வாங்குகிறீர்கள். லிட்டரையும் நிறத்தையும் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மேல்நிலைத் தொட்டி உங்கள் குழாய்க்கு மேல் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். பத்து மாடிக் கட்டடத்தின் தரைத் தளத்தில் 3 பாருக்கு மேல் இருக்கும், பிரஷர் பம்ப் இருந்தால் இன்னும் கூடும். 8 பார் தாங்கும் மாடல்தான் அங்கே சரி. உப்புத் தண்ணீர் என்றால் செம்பு காயிலைவிட இன்கோலாய் என்ற நிக்கல் கலந்த உலோகக் காயில் நன்றாகத் தாங்கும். வாரண்டி அட்டையில் டேங்குக்கு எத்தனை வருடம், காயிலுக்கு எத்தனை வருடம் என்று தனித்தனியாகப் போட்டிருக்கும், ஆனோடு பற்றிய நிபந்தனையையும் வாசியுங்கள். பிளக் 16 ஆம்பியர் பாயிண்டில்தான் போக வேண்டும், பழைய 6 ஆம்பியரில் மாட்டி ஒப்பேற்றக் கூடாது. வரும் ஆளிடமே எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மாட்டி முடித்ததும் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோகாதீர்கள். முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். புஸ் புஸ் என்று காற்று வரும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டுவிட்டு வரும். டேங்க் நிறைந்ததும் அது ஒரே சீராக ஓடும். அதற்கு முன்னால் போட்டால் காற்றில் எரிந்து புது காயில் அன்றே போகும். சீராக வந்த பிறகு குழாயை மூடி, சுவிட்சைப் போட்டு, அடியில் ஒரு மக்கை வையுங்கள்.