நாற்பதை நெருங்கும்போது நர்சிங்: பணம் கட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வயது 38. பிள்ளைகள் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிட்டார்கள். டவுன் ஜவுளிக்கடையிலோ, தனியார் பள்ளியிலோ, பீடி சுற்றியோ பத்துப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. மாமியாரை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்த நாட்களில், “இவ்வளவு நல்லா பாத்துக்கிடுதீங்களே, நீங்க நர்சிங் படிச்சிருக்கலாம்க்கா” என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னது மனதில் நின்றுவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் நடுவயதில் மருத்துவத் துறைக்கு மாற நினைக்கும் பலருக்கும் தொடக்கம் இப்படித்தான் இருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் பணமும் வருடங்களும் வீணாகிற இடம் பெரும்பாலும் சேர்க்கைக்கு முந்தைய இரண்டு மாதங்கள். அந்த இரண்டு மாதத்தில் எதைப் பார்க்கிறோம், எதைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வயதைக் கடைசியில் பார்ப்பது

முதலில் பார்க்க வேண்டியது பிறந்த தேதியை. கல்லூரி, கட்டணம், விடுதி எல்லாம் அதற்குப் பிறகு.

பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கான பாதைகள் சிலவே. ஏ.என்.எம். (துணை நர்ஸ், பேறுகாலத் தாதி) 2 வருடம், பெண்களுக்கு மட்டும். ஜி.என்.எம். (பொது நர்சிங், பேறுகாலப் பராமரிப்பு டிப்ளமோ) 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி மூன்றுக்குமே குறைந்தபட்ச வயது 17, அதிகபட்சம் 35. பி.எஸ்சி.க்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருக்க வேண்டும்; மதிப்பெண் 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதச் சலுகை. ஜி.என்.எம்.முக்கு 40 சதவீதம் போதும். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு வயதை எந்தத் தேதியில் கணக்கிடுகிறார்கள், யாருக்குத் தளர்வு உண்டு என்பது அந்தந்த வருடக் கையேட்டில் இருக்கும். அதை வரிவரியாகப் படியுங்கள். தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் 2023-இல் வந்திருப்பதால், பழைய விதியை நம்பி நாலு வருடத்துக்கு முன் சேர்ந்தவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வாசல் உண்டு. ஏற்கெனவே ஏ.என்.எம். முடித்துப் பதிவு செய்தவர்கள் ஜி.என்.எம். சேர வயது வரம்பு கிடையாது. திருமணத்துக்கு முன் ஏ.என்.எம். முடித்துவிட்டு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். 42 வயதிலும் அவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. முதல் வேலையாகப் பழைய பதிவு உயிரோடு இருக்கிறதா, புதுப்பிக்க வேண்டுமா என்று தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் கேட்க வேண்டும்.

அந்தப் பதிவும் இல்லாமல் 35-ஐத் தாண்டியவருக்கு, பதிவு பெற்ற நர்ஸ் ஆகும் பாதை இந்தியாவில் அநேகமாக மூடியாகிவிட்டது. கசப்பான செய்திதான். ஆனால் இதை ஏற்றுக்கொள்ளாதவர்கள்தான் அடுத்த தவறில் போய் விழுகிறார்கள்.

ஒரு வருடப் படிப்பை நர்சிங் என்று நம்புவது

“வயது தடையில்லை, பத்தாம் வகுப்பு போதும், ஒரே வருடத்தில் நர்ஸ்” என்ற நோட்டீசைப் பேருந்து நிலையச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். நர்சிங் அசிஸ்டன்ட், ஜெனரல் டியூட்டி அசிஸ்டன்ட் ஆகியவை நேர்மையான படிப்புகள். படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, காய்ச்சல் பார்ப்பது, சாப்பாடு ஊட்டுவது, நோயாளியைத் திருப்பிப் போடுவது எல்லாம் அதில் கற்றுத் தருகிறார்கள். அந்த வேலைக்குத் தேவையும் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, அம்பாசமுத்திரத்திலும் பாளையிலும் தனியாக இருக்கிற ஆச்சிகளுக்கும் தாத்தாக்களுக்கும் ஆள் கிடைப்பதில்லை. இதை நர்சிங் என்று பெயர் சொல்லி விற்பதுதான் மோசடி. கவுன்சில் பதிவு இல்லையென்றால் நீங்கள் நர்ஸ் இல்லை. நர்ஸ் பணிக்கான அரசுத் தேர்வு எழுத முடியாது, வெளிநாட்டுக்கு நர்ஸாகப் போக முடியாது. தபால் வழியில் நர்ஸ் ஆக முடியும் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை அரை நாள் வேலை. கல்லூரியின் முழுப் பெயர், முகவரி, படிப்பின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் இந்த வருடப் பட்டியலைத் திறந்து, மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஜி.என்.எம். என்றால் மாநில கவுன்சில் பட்டியல், பி.எஸ்சி. என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு. ஒரே வளாகத்தில் ஜி.என்.எம்.முக்கு அனுமதி இருந்து, பி.எஸ்சி.க்கு இல்லாமலும் இருக்கலாம். ரசீதில் கல்லூரி பெயருக்குப் பதில் வேறொரு டிரஸ்ட் பெயர் இருந்தால் காரணம் கேளுங்கள்.

அதோடு விடாமல், “கிளினிக்கல் போஸ்டிங் (வார்டில் செய்யும் பயிற்சி) எந்த ஆஸ்பத்திரியில்? எத்தனை படுக்கை?” என்று கேட்க வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் என்பது கவுன்சில் கணக்கு. இருபது படுக்கை ஆஸ்பத்திரியைக் காட்டி அறுபது பேரைச் சேர்த்தால், அங்கே படிப்பவர் பிரசவம் பார்த்தே இருக்க மாட்டார். நேரில் போய் வார்டை எட்டிப் பாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது இன்னொரு பெரும் தவறு. சரிபார்த்ததும் திரும்ப வாங்குங்கள். வைத்துக்கொள்வோம் என்றால், எந்தெந்தச் சான்றிதழ் என்று எண்ணோடு எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

இனிஷியல்

சின்ன விஷயம் போலத் தெரியும். பெண்களுக்கு இதுதான் கடைசி நேரத்தில் காலை வாருகிறது. 10, 12-ஆம் வகுப்புச் சான்றிதழில் அப்பா இனிஷியல். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் கணவர் இனிஷியல். நர்சுகளின் தேசியப் பதிவேடு ஆதாரோடு இணைந்தது. படிப்பு முடிந்து பதிவுக்குப் போகும்போது பெயர் ஒத்துப்போகாவிட்டால் அலைச்சல்தான். ஆதாரைப் பள்ளிச் சான்றிதழுக்கு ஏற்றபடி திருத்துவது பெரும்பாலும் எளிது. பெயரையே மாற்றியிருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும். எதுவானாலும் விண்ணப்பிக்கும் வருடத்துக்கு முந்தைய வருடமே முடித்துவிடுங்கள். சாதிச் சான்றிதழையும் அப்படியே. பழைய கையெழுத்துப் பிரதி இருந்தால் இ-சேவை மையத்தில் புதிதாக எடுங்கள்.

கட்டணத்தை மட்டும் கணக்குப் போடுவது

வராத சம்பளமும் செலவுதான். மூன்று வருடம் என்றால் முப்பத்தாறு மாதச் சம்பளம் இல்லை. அதோடு வேலை கிடைக்க ஆறு மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடன் தவணை, பிள்ளையின் பிளஸ் டூ செலவு, நகைச்சீட்டு எல்லாவற்றையும் அந்த 42 மாதத்தின் மேல் எழுதிப் பாருங்கள்.

நேரக் கணக்கு இன்னும் கடுமையானது. ஒவ்வொரு பாடத்துக்கும் 80 சதவீத வருகை வேண்டும். செய்முறைப் பயிற்சியில், பட்டம் கையில் வருமுன் 100 சதவீதம் நிறைவு செய்தாக வேண்டும். கோயில் கொடைக்கு மூன்று நாள், நாத்தனார் மகள் சடங்குக்கு இரண்டு நாள் என்று எடுத்த ஒவ்வொரு நாளையும் கடைசியில் திரும்ப நின்று அடைக்க வேண்டும். சொந்தக்காரர்களிடம் முதல் மாதமே சொல்லிவிடுவது நல்லது. காலை 7 மணிக்கு வார்டில் நிற்க வேண்டுமென்றால் களக்காட்டிலிருந்தோ பாபநாசத்திலிருந்தோ எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வாரம் போய் வந்து பாருங்கள். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். புறநகர்ப் பேருந்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

படித்ததும் அரசு வேலை என்று கணக்குப் போடுவதும் தவறு. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் தேர்வில் தேறினாலும் தொடக்கம் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில்தான், நிரந்தரம் பிறகு. வளைகுடா என்றால், 2015 முதல் குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்சுகளை அரசு முகமைகள் வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். “விசா கையில இருக்கு, முன்பணம் மட்டும் குடுங்க” என்கிற ஏஜென்ட்டுக்கு அங்கே இடமில்லை.

வீட்டுப் பராமரிப்பும் வார்டும் ஒன்று என்று நினைப்பது

வீட்டில் ஒருவரைப் பார்ப்பது வேறு. இரவில் முப்பது பேரைப் பார்ப்பது வேறு. பொறுமையும் அன்பும் இங்கே வேண்டும். அவற்றுக்கு மேல் கணக்கு வேண்டும், கண் வேண்டும். 500 மில்லி குளுக்கோசை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொன்னால், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் சாதாரண டிரிப் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு என்று மனதிலேயே வர வேண்டும்.

இன்சுலினைப் பாருங்கள். இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மில்லிக்கு 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டிலும் 20 என்று கோடு இருக்கும். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் போவது 50 யூனிட். விடியுமுன் சர்க்கரை இறங்கி நினைவு தப்பிப்போகும். குப்பி லேபிளையும் மூடி நிறத்தையும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகப் பார்ப்பது, தூக்கம் கண்ணைச் சொருகும் அதிகாலை 4 மணிக்கும் மாறாத பழக்கமாக வேண்டும்.

பாடப்புத்தகமும் கேஸ் ஷீட்டும் ஆங்கிலம். இருபது வருடம் தொடாத ஆங்கிலத்தைச் சேர்ந்த பிறகு படிக்கலாம் என்று விடாதீர்கள். மருந்துச் சீட்டில் வரும் சுருக்கங்களிலிருந்து தொடங்குங்கள்: ஓ.டி. (OD) ஒரு வேளை, பி.டி. (BD) இரண்டு வேளை, டி.டி.எஸ். (TDS) மூன்று வேளை, எச்.எஸ். (HS) படுக்கும் முன், எஸ்.ஓ.எஸ். (SOS) தேவைப்பட்டால் மட்டும். வீட்டில் கிடக்கும் பழைய மருந்துச் சீட்டுகளை வைத்தே இதைப் பழகிவிடலாம்.

உடம்பையும் பாருங்கள். இடுப்பு வலி, சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் இரவு டியூட்டிக்கு வந்தால் மாத்திரை நேரம், சாப்பாட்டு நேரம் எல்லாம் மாறும். மருத்துவரிடம் முன்பே கேட்க வேண்டும். நோயாளியைத் தனியாகத் தூக்கப் பார்த்து இடுப்பு பிடிப்பது முதல் வருடத்திலேயே நடக்கும். கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, விரிப்போடு சேர்த்து நான்கு பேர் நகர்த்த வேண்டும். ஆள் வரும்வரை காத்திருப்பதில் வெட்கமில்லை.

இன்னொன்று மனம் சம்பந்தப்பட்டது. இன்சார்ஜ் சிஸ்டருக்கு 28 வயது இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் பெட்ஷீட் சுருக்கத்துக்கு எல்லார் முன்னாலும் திட்டுவார். அதைத் தாங்க முடியாமல் பாதியில் நின்றவர்கள் உண்டு. வகுப்பில் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து படிக்கத் தெரிந்தவர் தேறிவிடுகிறார்.

நர்சிங் ஒன்றுதான் வழி என்று நிற்பது

டி.பார்ம் (மருந்தாளுநர் டிப்ளமோ) 2 வருடப் படிப்பு, அதோடு 500 மணி நேரப் பயிற்சி. கடையில் ஆட்களோடு பேசிப் பழகியவருக்கு நன்றாகப் பொருந்தும். லேப், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன் படிப்புகளை அரசு மருத்துவக் கல்லூரிகளே நடத்துகின்றன; வயது வரம்பை அறிவிப்பில் பாருங்கள். கணக்கு எழுதியவருக்கு ஆஸ்பத்திரி பில்லிங்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட மேசையும் இருக்கின்றன. வீட்டுக்கு வீடு போகிற வேலை பிடிக்கும் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் உள்ளூர்ப் பெண்களைத் தன்னார்வலர்களாக எடுக்கிறார்கள்.

அசிஸ்டன்டாகச் சேர்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. “ஆள் இல்ல, நீங்களே ஊசி போட்டுருங்க” என்பார்கள். பதிவு இல்லாமல் ஊசி போடாதீர்கள். தவறு நடந்தால் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். ஆனால் ஊசி போடாதவரையும் ஊசி குத்தும், குப்பைப் பையிலிருந்தே குத்தும். ஊசி வெள்ளைக் கெட்டி டப்பாவில், பிளாஸ்டிக் சிரிஞ்ச் சிவப்புப் பையில், கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டியில், ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில் போக வேண்டும். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியோ மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். எந்தப் படிப்பு என்று முடிவாகாவிட்டாலும் முதல் ஊசியை இந்த மாதமே போட்டுக்கொள்ளுங்கள். வார்டில் கால் வைக்கும் நாளுக்குள் மூன்றும் முடிந்திருக்கும்.