எடைக்குறைப்பு ஊசி: பசி அடங்கியதும் தொடங்கும் தவறுகள்

மவுஞ்சாரோ, விகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிகள் 2025-இல் இந்தியக் கடைகளுக்கு வந்தன. அப்போதிருந்து புதிதாக ஊசி தொடங்குகிற ஒவ்வொருவரும், முன்னால் தொடங்கியவர்கள் விழுந்த அதே குழியில்தான் விழுகிறார்கள். மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள், ஒருவரின் பேனாவை (பேனா வடிவ ஊசி) இன்னொருவர் போடாதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. அதை விட்டுவிடுவோம்.

மருந்து கொழுப்பை எரிக்கும் என்று நம்புவது

எரிக்காது. சாப்பாடு இறங்கியதும் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் இருக்கும் எல் செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. போதும் என்ற உணர்வை மூளையில் எழுப்புவது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவது, ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது இன்சுலினைக் கூட்டுவது எல்லாம் அதன் வேலை. உடம்பில் இயற்கையாகச் சுரப்பது ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். விகோவியில் உள்ள செமாகுளூடைட்டோ பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். வாரம் ஒரு ஊசி போதுமென்பது அதனால்தான். மவுஞ்சாரோவில் உள்ள டிர்செபடைட் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

ஆக, எடை குறைவது பெரும்பாலும் நீங்கள் குறைவாகச் சாப்பிடுவதால். எடை இறங்க இறங்க, சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் இறங்கும். ஊசி போட்டாலும் அந்தக் கணக்கு மாறாது.

பசிக்கவில்லை என்று அப்படியே விட்டுவிடுவது

எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாத விஷயம் இது. "பசியே எடுக்கல டாக்டர், ஒரு வேளை சாப்பிட்டா போதும்னு இருக்கு" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்து சொல்வார்கள். எடை மெஷினில் கிலோ இறங்கினால் சரி. இறங்கியது கொழுப்பா தசையா என்று யாரும் கேட்பதில்லை.

அப்படிப்பட்டவரின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி, ஒரு காபி. மதியம் நாலு கரண்டி தயிர்சாதம், தொட்டுக்கொள்ள ஊறுகாய். ராத்திரி ஒரு தோசை வைத்தால் பாதியோடு கை கழுவிவிடுவார். இட்லியில் 4 கிராம் புரதம், காபிப் பாலில் 3, தயிர்சாதத்தில் 6, அரைத் தோசையில் 2 என்று தாராளமாகவே போட்டாலும் மொத்தம் 15 கிராம். அடைய வேண்டிய எடை 70 கிலோ என்றால், கிலோவுக்கு 1.2 கிராம் வீதம் அவருக்குத் தேவை 84.

மீதியை உடம்பு தசையிலிருந்து எடுக்கிறது. செமாகுளூடைட்டின் ஸ்டெப் 1 ஆய்வில் சிலருக்கு, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் கொழுப்பல்லாத பகுதியாக இருந்தது. டிர்செபடைட்டின் சர்மவுண்ட் 1 ஆய்வில் அது கால் பங்கு. கொழுப்பல்லாதது அத்தனையும் தசையல்ல, தண்ணீரும் அதில் உண்டு. ஆனாலும் ஒரே பிஎம்ஐயில் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஐரோப்பியரைவிட நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். குறைவாக இருப்பதிலிருந்தும் எடுத்தால் என்ன மிஞ்சும்?

செலவு தாங்காமல் ஊசியை நிறுத்தும்போதுதான் விலை தெரியும். அதே ஸ்டெப் 1-இல் மருந்தை நிறுத்தி ஓராண்டு கழித்துப் பார்த்தால், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. திரும்புவதில் பெரும்பங்கு கொழுப்பு; பயிற்சி இல்லாமல் தசை தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. பல்லாயிரம் ரூபாய் செலவழித்து, பழைய எடைக்கே முன்பைவிடப் பலவீனமாக வந்து நிற்பதுதான் மிச்சம்.

தட்டில் கை வைக்கும் வரிசையை மாற்றுங்கள். முட்டை, மீன், பனீர், சுண்டல் முதலில், சோறு கடைசியில். நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும் என்பதால் அந்த நாலு வாய் எது என்பது முக்கியம். இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் பனீரில் 18, வெந்த மீன் 100 கிராமில் 20-க்கு மேல், உலர்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் சுமார் 12. சாம்பாரை நம்பாதீர்கள், ஒரு கரண்டியில் இரண்டு மூன்று கிராம் இருந்தாலே பெரிது. வேளைக்கு 25 கிராம், சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் என்று பிரித்துக்கொண்டால் கணக்கு நேராகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

நடைப்பயிற்சி மட்டும் தசையைக் காப்பாற்றாது. வாரம் இரண்டு மூன்று நாளாவது தசைக்குச் சுமை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, ஒவ்வொன்றும் மூன்று சுற்று. முதல் வாரமே அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். எடை இறங்கும்போது அந்த எண்ணும் சேர்ந்து இறங்கினால் சாப்பாட்டில் கோளாறு.

டோஸை அவசரமாக ஏற்றுவது

விகோவி 0.25 மில்லிகிராமில் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படிக்கும் நாலு வாரம். மவுஞ்சாரோ 2.5-இல் தொடங்கும். முதல் படி எடை குறைக்க அல்ல, வயிறு பழக. "ஒரு மாசமாச்சு, ரெண்டு கிலோகூட இறங்கல" என்று தாண்டிப் போனால் வாந்தி, நீர்வற்றல், அதிலிருந்து சிறுநீரகத்துக்கு அடி. குமட்டல் அடங்காவிட்டால் அதே படியில் இன்னும் சில வாரம் இருக்கலாம். குறைந்த டோஸிலேயே எடை இறங்கினால் மேலே ஏற வேண்டிய கட்டாயமும் இல்லை. சில வாரங்கள் விட்டுப்போயிருந்தால் விட்ட டோஸிலேயே மறுபடி தொடங்காமல் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பழைய சுகர் மாத்திரையை அதே அளவில் தொடர்வது

ஊசி மட்டும் சர்க்கரையை அதலபாதாளத்துக்கு இறக்குவது அபூர்வம். கூடவே க்ளைமிபிரைடு என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ ஓடினால் இறக்கும். சாப்பாடும் பாதியாகியிருக்கும் என்பதால் அந்த அளவுகளை முதல் ஊசிக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

ரைபெல்சஸை காபியோடு விழுங்குவது

ரைபெல்சஸ் என்பது செமாகுளூடைட்டின் மாத்திரை வடிவம். அதற்குக் காபி கூடாது. எழுந்ததும் வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத தண்ணீரில் விழுங்கி அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருங்கள்.

பேனாவை ஃப்ரீசரில் வைப்பது

உறைந்த மருந்து குப்பைக்கு. ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தாலும் உறையும். இடம் 2 முதல் 8 டிகிரி. வெளியே வைப்பதென்றால் 30 டிகிரிக்குள், அதுவும் குறிப்பிட்ட நாள்வரைதான். மே மாத மதுரையில் அந்தப் பேச்சே வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்கு முன் சொல்லாமல் இருப்பது

மயக்க மருந்து தருபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ராத்திரி சாப்பிட்டது காலையிலும் இரைப்பையில் இருக்கலாம்.

வயிற்றுவலியை கேஸ் என்று தள்ளிவிடுவது

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம். வலது விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் வந்தால் பித்தப்பையைச் சந்தேகிக்க வேண்டும். சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்காமல் ஊசியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.