டென்ட்ரைட் சிதைவைப் படம் போட்டு விளக்குவது எப்படி

களுவாஞ்சிகுடியில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். அல்சைமர் நோயைக் கேட்டால் "மூளைக் கலங்கள் இறந்துவிடும்" என்று பிள்ளைகள் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். பிழையில்லை. ஆனால் கலம் சாவதற்கு வெகு முன்பே, சமிக்ஞைகளைப் பெறும் அதன் கிளைகளான டென்ட்ரைட்டுகள் கெடத் தொடங்குகின்றன. அதை விட்டால் நோயே விளங்காது.

இரண்டு தாள், பென்சில், நல்ல அழிறப்பர் எடுங்கள். பேனை வேண்டாம்.

முதல் தாளில், நினைவுகளை உருவாக்கும் மூளைப்பகுதியான ஹிப்போகாம்பசிலுள்ள பிரமிட் வடிவக் கலமொன்றைப் பெரிதாக வரையுங்கள். உச்சியில் தடித்த டென்ட்ரைட் ஒன்று, அடியில் மெல்லியவை சில, கீழ்நோக்கி, சமிக்ஞைகளை வெளியே அனுப்பும் நீண்ட ஆக்சன். அப்புறம் டென்ட்ரைட்டுகளில் முட்களை, அதாவது சிறு புடைப்புகளை, வையுங்கள். இதில் அவசரம் கூடாது. ஒவ்வொரு முள்ளுக்கும் ஒடுங்கிய கழுத்தும் உருண்டைத் தலையும் வேண்டும். உண்மையில் இவை ஒரு மைக்ரோமீற்றர் அளவுதான். ஆனால் ஒரு கலத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. தூண்டும் சமிக்ஞைகளில் பெரும்பாலானவை வந்து சேர்வது இந்தத் தலைகளில். 1888இல் ஸ்பானிய நரம்பியலாளர் ரமோன் இ கஹால் இவற்றை விவரித்தபோது, கலங்களுக்கு ஏற்றிய சாயத்தின் கறை என்று நினைத்தவர்களும் இருந்தார்கள்.

இரண்டாம் தாளில் அதே கலத்தை வரைந்து, கலவுடலைத் தொடாமல், அழிறப்பரின் கூர்மூலையால் முட்களை ஒவ்வொன்றாக அழியுங்கள். கிளை நுனிகளையும் குட்டையாக்குங்கள். பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: பீட்டா அமிலொயிட் புரதத்தின் சிறு திரள்கள் சினாப்ஸ்களை (கலத்துக்குக் கலம் சமிக்ஞை கடத்தும் சந்திகளை) தாக்க, முட்கள் சுருங்குகின்றன, வழமையாக ஆக்சனில் இருக்கும் டவ் புரதம் டென்ட்ரைட்டுக்குள் சேர்கிறது. நோயாளியின் அறிவாற்றல் குறைவோடு அமிலொயிட் படிவுகளைவிடச் சினாப்ஸ் இழப்பே நெருக்கமாகப் பொருந்துகிறது என்று 1991இல் ராபர்ட் டெரி குழுவினர் காட்டினார்கள். என் வகுப்பில் நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

பார்க்கின்சனுக்கு இந்தப் படம் சரிவராது. அங்கே இறப்பது, டோபமின் என்ற வேதிச் சமிக்ஞையைச் சுரக்கும் நடுமூளைக் கலங்கள். முட்களை இழப்பது அந்த டோபமினைப் பெற்றுவந்த, அசைவைக் கட்டுப்படுத்த உதவும் மூளைப்பகுதியான ஸ்ட்ரையேற்றத்தின் கலங்கள். இரண்டு கலங்களையும் அருகருகே வரையுங்கள்.

கடைசியில் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், அம்மம்மாவுக்குத் திரும்ப வளராதா?" படுவான்கரையில் இருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. மழுப்பாதீர்கள். குளிர்கால உறக்கத்தில் தரை அணில்களின் டென்ட்ரைட்டுகள் சுருங்கி, விழித்ததும் சில மணித்தியாலங்களில் மீண்டும் வளர்கின்றன என்று சொல்லுங்கள். இழந்த கிளைகளை மனிதரில் அப்படி வளர்த்தெடுக்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.