வாரம் ஒரு பகுதி: ஆறு வாரம் வைத்துப் பார்ப்போமா?

வலைப்பூ தொடங்கிய புதிதில் நானும் ஒரு கால அட்டவணை போட்டேன். திங்கள் பழமொழி, புதன் புத்தகம், வெள்ளி சினிமா, ஞாயிறு சமையல். மூன்றாவது வாரமே வெள்ளி சினிமா சனிக்கிழமைக்குப் போனது. நான்காவது வாரம் படமே பார்க்கவில்லை. "வேலைப்பளு காரணமாக இந்த வாரம்..." என்று வருத்தம் தெரிவித்து ஒரு பதிவு போட்டேன். அதைப் படித்தவர்கள் என் தங்கையும் அவள் கணவரும்தான்.

இப்போது ஒரே ஒரு பகுதிதான், ஞாயிறுதோறும் 'சந்தைப் பை'. அதை நிறுத்தியது எப்படி என்று எழுதுகிறேன். நிறுத்தியது என்றால் நிலைநிறுத்தியது.

படி 1: வாரத்தில் ஏற்கெனவே நடப்பதைப் பிடியுங்கள்

முதல் வாரம் எதுவும் எழுத வேண்டாம். வாரம் தவறாமல் நீங்கள் செய்கிற வேலை என்ன என்று மட்டும் கவனியுங்கள். சனிக்கிழமை ஊருக்குப் போன் போட்டு ஆச்சியிடம் பேசுவீர்களா? அவர் வாயில் வரும் ஒரு வட்டாரச் சொல் போதும், அதுவே ஒரு பகுதி. வாரம் ஒருமுறை நூலகம் போவீர்களா? திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தைப் பற்றி பத்து வரி எழுதலாம்.

எனக்கு இருந்தது உழவர் சந்தை. மதுரைக்காரன் நான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் திறந்தது எங்கள் ஊர் அண்ணா நகரில்தான். ஞாயிறு காலை ஆறரைக்குப் பையோடு போனதும், அன்றைய விலை எழுதிய பலகையைப் படம் பிடித்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், "எது வாங்க?" என்று கேட்டு. ஒருநாள் போனில் இடம் இல்லை என்று பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தபோது பார்த்தால், எட்டு மாதத்துப் பலகைகள் வரிசையாகக் கிடக்கின்றன. எழுத விஷயம் இல்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்ததும் அதே எட்டு மாதம்தான்.

"பதிவு போடாவிட்டாலும் இதைச் செய்வேனா?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆமாம் என்றால் அது தாங்கும். பதிவுக்காகவே படம் பார்க்கப் போனதால்தான் என் வெள்ளி சினிமா படுத்துவிட்டது.

படி 2: பெயரும் அச்சும்

தமிழ்ப் பதிவர்களிடம் நல்ல பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. 'எங்கள் பிளாக்' வலைப்பூவில் சமையல் குறிப்புக்குத் 'திங்கக்கிழமை' என்று பெயர். திங்கவும் ஆச்சு, கிழமையும் ஆச்சு. ஆனால் அந்தத் துணிச்சல் பழகிய கைக்குத்தான் சரி. பெயரில் கிழமையைக் கட்டிவிட்டால் பிறகு நாள் மாற்ற முடியாது. குமுதத்தின் 'அரசு பதில்கள்' பெயரில் எந்த நாளும் இல்லை, பாருங்கள். தொடங்குகிறவர்கள் அப்படியே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது அச்சு. ஒவ்வொரு வாரமும் வெள்ளைத் திரையை வெறித்துப் பார்க்காமல் இருக்க, நிரப்ப வேண்டிய கட்டங்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். என்னுடையதில் நான்கு: ஒரு படம், மூன்று விலை, பையில் இருந்த ஒரு காய், காதில் விழுந்த ஒரு பேச்சு. நான்காவது வாரத்துப் பதிவிலிருந்து கொஞ்சம்:

*பலகை: கத்தரி 40, சுரை 20, முருங்கை 120.*
*"அக்கா, முருங்கை போன மாதம் இதில் பாதிகூட இல்லையே?"*
*"பூவெல்லாம் மழையில கொட்டிப்போச்சு தம்பி. மாசி, பங்குனியில வா, வேணாம் வேணாம்னாலும் பையில போடுவேன்."*
*பையில்: சுரைக்காய்.*

இவ்வளவுதான். முருங்கை விலை ஏன் ஏறுகிறது என்று நான் தனியாகக் கட்டுரை எழுத வேண்டிய வேலையை அந்த அக்கா இரண்டு வரியில் முடித்துவிட்டார். அச்சு சின்னதாக இருந்தால்தான் இப்படிப்பட்ட வரி கண்ணில் படும். முதல் வாரம் நான் எழுதிய 900 சொல்லில் இதுபோல ஒரு வரி உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டு கிடந்தது.

படி 3: ஸ்டெப்னி

தொடங்கும் முன்பே இரண்டு பதிவாவது வரைவில் இருக்க வேண்டும். காய்ச்சல், கல்யாணம், கரண்ட் கட் எல்லாம் நம்மைக் கேட்டு வருவதில்லை. ஆனால் விலைப் பலகை மறுநாளே பழசாகிவிடும், அதை எழுதி வைக்க முடியாது. அதனால் என் கையிருப்பில் இருப்பவை நாள்பட்டாலும் கெடாதவை: எடைக்கல்லைப் பற்றி ஒன்று, துணிப்பையைப் பற்றி ஒன்று.

சனி இரவு அதில் ஒன்றை ஞாயிறு காலை 10 மணிக்கு வெளியாகும்படி நேரம் குறித்து வைத்துவிடுவேன். சந்தையிலிருந்து வந்து புதுப் பதிவு எழுதிவிட்டால் அதை வெளியிட்டுவிட்டு, கையிருப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவேன். எழுதவில்லையா, வண்டி ஸ்டெப்னியில் ஓடும்.

படி 4: இயந்திர வேலை

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டும் வலைப்பூ நடத்த உதவும் தளங்கள். நேரம் குறிக்க பிளாகரில் பதிவின் வலப்பக்க அமைப்புகளிலும் வேர்ட்பிரஸில் வெளியிடும் பொத்தானுக்கு அருகிலும் தேதி இருக்கும். அதற்கு முன்னால் நேர மண்டலத்தைப் பாருங்கள். வேர்ட்பிரஸில் அது யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால், காலை 7 மணிக்குக் குறித்த பதிவு நம் ஊர் நேரம் பகல் 12.30க்குத்தான் வரும். பொது அமைப்புகளுக்குப் போய் கொல்கத்தா என்று மாற்றுங்கள், இந்திய நேரத்துக்கு அங்கே அதுதான் பெயர். பிளாகரில் அது அமெரிக்க பசிபிக் நேரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், காலைப் பதிவு இரவுச் சாப்பாட்டுக்குத்தான் வரும். சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: யாராவது தளத்துக்கு வந்தால்தான் அதன் கடிகாரமே விழிக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத வலைப்பூவில் குறித்த நேரம் தாண்டியும் பதிவு அப்படியே கிடப்பது அதனால்தான்.

முகவரியையும் கவனியுங்கள். பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் இணைப்பில் அது வராது, 'பிளாக்-போஸ்ட்' என்று ஏதோ ஒன்று விழும். ஐம்பது பதிவுக்குப் பிறகு எது எதுவென்று உங்களுக்கே தெரியாது. வேர்ட்பிரஸ் தமிழை ஏற்கும், ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். மொத்த வரம்பு 200 எழுத்து. அதனால் 22 குறிகள் தாண்டினால் இணைப்பில் தலைப்பு வெட்டுப்படும். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படும் என்பதால் இரண்டு மூன்று சொல்லிலேயே தீர்ந்துவிடும். வெளியிடும் முன்பே ஆங்கில எழுத்தில் பகுதியின் பெயரையும் வார எண்ணையும் நீங்களே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக லேபிள், அதாவது ஒரே பகுதியின் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் குறிச்சொல். என் வலைப்பூவில் ஒரு காலத்தில் 'சந்தைப் பை', 'சந்தைப்பை', 'சந்தை பை' என்று மூன்று லேபிள்கள் இருந்தன. ஒற்று விட்டதற்குத் தமிழாசிரியரிடம் அடி வாங்கியதோடு போகும் என்று நினைத்திருந்தேன். இங்கே பகுதியே மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஒருமுறை எழுதியதைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள், திரும்பத் தட்டாதீர்கள்.

படி 5: ஆறு வாரம், ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்

"இனி ஒவ்வொரு ஞாயிறும்" என்று அறிவிக்காதீர்கள். "ஆறு வாரம் முயன்று பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும். ஆறோடு நின்றாலும் அது முடிந்த தொடர்தான், கைவிட்ட தொடர் ஆகாது.

ஒவ்வொரு பதிவுக்கும் எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வையுங்கள். நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதினேன். முதல் வாரம் 95 நிமிடம், ஆறாவது வாரம் 35. பார்வை எண்ணிக்கையை இந்த அளவில் நம்ப வேண்டாம். முப்பது நாற்பதானால் அது பெரும்பாலும் நாமே போனில் திறந்து பார்த்ததாக இருக்கும். பிளாகரில் சொந்தப் பார்வையைக் கணக்கில் சேர்க்காமல் விட வசதி உண்டு, முதலில் அதைச் செய்யுங்கள்.

அதைவிட, யார் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். முதல் மூன்று வாரம் நான் ஞாயிறு இரவு பதிவு போட்டேன். உழவர் சந்தை காலையோடு முடிகிற விஷயம், இரவில் விலை தெரிந்து யாருக்கு என்ன லாபம்? நான்காவது வாரம் அச்சைத் தொடாமல் நேரத்தை மட்டும் காலை 10 மணிக்கு மாற்றினேன். அன்றைக்கே ஒருவர் பின்னூட்டத்தில், "வெண்டை இன்னும் இருக்குமா, கிளம்பலாமா?" என்று கேட்டார். முகம் தெரியாத ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது.

படி 6: தொடர்வதா, விடுவதா

ஆறு முடிந்ததும் தாள்களை எடுத்து வைத்துப் பாருங்கள். நிமிடம் குறையவே இல்லை, ஞாயிறு நெருங்கும்போது வயிற்றைக் கலக்குகிறது என்றால் விட்டுவிடலாம். ஒரே வரியில் சொல்லி முடித்துக்கொள்ளுங்கள், மன்னிப்பெல்லாம் வேண்டாம். லேபிளை மட்டும் அழிக்காதீர்கள், தேடி வருகிறவர்களுக்கு ஆறும் ஒரே இடத்தில் கிடைக்கட்டும்.

என் இரண்டாவது ஆறு வாரம் வரும் ஞாயிறு தொடங்குகிறது. மூன்று விலையை ஒன்றாக்கிவிட்டு, பேச்சுக்குக் கூடுதல் இடம் கொடுக்கப் போகிறேன். முருங்கை அக்காவிடம் படம் எடுத்துப் போடலாமா என்று கேட்டேன். "இந்தச் சேலையோடயா? அடுத்த வாரம் வா" என்றார்.