கைப்பக்குவ உணவு விற்கும் இணையக் கடையை மாற்றியமைப்பது எப்படி?

கைப்பக்குவமாக உணவுப்பொருள் தயாரித்து விற்கும் சிறு நிறுவனங்கள் இணையக் கடையைப் புதுப்பிக்க முனையும்போது, பெரும்பாலும் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றுவதில்தான் தொடங்குகின்றன. அவற்றைக் கடைசிக்கு ஒதுக்கலாம். வாடிக்கையாளர்கள் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் கேட்டவற்றை முதலில் தொகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் கெடாமல் இருக்கும், கொட்டைப் பருப்பு கலந்திருக்கிறதா, என்றைக்கு அனுப்புவீர்கள் என்று ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் வந்திருந்தால், அதற்கான பதில் தளத்தில் இல்லை, அல்லது இருந்தும் கண்ணில் படவில்லை.

நேரில் வாங்குபவர் முகர்ந்து பார்க்கலாம், விற்பவரிடம் விசாரிக்கலாம். இணையத்தில் வாங்குபவருக்கு அந்தப் பக்கத்தில் உள்ள சொற்களும் படங்களுமே துணை என்பதால், உழைப்பின் பெரும்பகுதி ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பக்கத்துக்கே செல்ல வேண்டும். 'அபாரமான சுவை' என்ற சொல்லால் எவருக்கும் எதுவும் விளங்காது. புளிப்பு தூக்கலா, காரம் எவ்வளவு, பதம் கெட்டியா குழைவா என்று எழுதினால் விளங்கும். நிகர எடை, சேர்மானங்கள், ஒவ்வாமை தரக்கூடியவை, திறந்தபின் வைத்திருக்கும் முறை ஆகிய அனைத்தும் எழுத்தாகவே இடம்பெற வேண்டும். லேபிளைப் படமெடுத்துப் போட்டால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. கைபேசியின் சிறு திரையில் மற்றவர்களுக்கும் அந்த எழுத்து தெளிவாகத் தெரியாது. பாட்டிலின் அளவைப் பலர் தவறாக ஊகிப்பதால், அதைக் கையில் பிடித்திருக்கும் படம் ஒன்றையாவது சேருங்கள். பேட்சுக்கு பேட்ச் நிறமும் சுவையும் சற்று மாறும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

தீர்ந்துபோன பொருளின் பக்கத்தை நீக்க வேண்டாம். அடுத்த பேட்ச் எப்போது என்பதைக் குறிப்பிட்டு, தகவல் பெற மின்னஞ்சல் முகவரி கேளுங்கள். விரைவில் கெடும் பொருள் வார இறுதியில் கூரியர் கிடங்கில் தேங்காதபடி அனுப்பும் நாள்களை வரையறுத்து, டெலிவரிக் கட்டணத்துடன் பொருள் பக்கத்திலேயே காட்டுங்கள். கணக்குத் தொடங்காமலும் பணம் செலுத்த வழி இருக்க வேண்டும்.

தோற்றத்துக்கு இப்போது வரலாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் இணைய அணுகல் வழிகாட்டியின் (WCAG) அளவுகோல். இத்தகைய கடைகள் பெரிதும் விரும்பும் 'பழுப்பின்மேல் மங்கிய பொன்' பெரும்பாலும் அதில் தேறுவதில்லை. பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்கிறது கூகுள். படங்களைக் கோப்பின் அளவு குறைவாக இருக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, தேவையான அளவுக்குச் சுருக்கினாலே அதற்குப் பெரிதும் உதவும்.

பலரும் கோட்டைவிடுவது பழைய இணைய முகவரிகளைத்தான். பக்கங்களின் முகவரி மாறினால், ஒவ்வொன்றையும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கு 301 எனும் நிரந்தர வழிமாற்றால் திருப்பிவிடுங்கள். அனைத்தையும் முகப்புக்குத் திருப்புவது பயன் தராது. இந்த வழிமாற்றைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். உங்கள் லேபிள்களில் கியூஆர் குறி அச்சாகியிருந்தால், விற்றுப்போன பாட்டில்கள் பழைய முகவரியோடு யாரோ ஒருவர் சமையலறையில் இருக்கும் என்பதால், அந்த வழிமாற்றை எடுக்கவே வேண்டாம்.

புதிய தளத்தை விற்பனை உச்சத்தில் இருக்கும் பருவத்தில் திறக்காதீர்கள். சோதனைக் காலத்தில் தேடுபொறிகளைத் தடுத்து வைத்திருந்த அமைப்பை நீக்கிவிட்டு, கைபேசியிலிருந்து உண்மையான பணம் செலுத்தி ஓர் ஆர்டர் போடுங்கள். உறுதி மின்னஞ்சல் வந்ததா, ஸ்டாக் ஒன்று குறைந்ததா என்று சரிபார்த்தபின், அதே ஆர்டரை ரத்து செய்து, பணம் ஒழுங்காகத் திரும்புகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.