கேம்ப் கத்திய வீட்லயே தீட்டுறது எப்படி (எனக்கு வராம வந்த கதையோட)

போன டிசம்பர்ல சூரியநெல்லி பக்கம் டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கினோம், கொழுக்குமலைல சூரிய உதயம் பாக்க. போடில இருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டு தாண்டி கேரளாவுக்குள்ள போயி, பூப்பாறை வழியா சூரியநெல்லி, அங்கருந்து ஜீப்பு. இதுல வேடிக்கை என்னன்னா கொழுக்குமலை நம்ம தேனி மாவட்டம்தான், ஆனா ஜீப்பு ரோடு கேரளா வழியாத்தான். சரி அத விடுங்க. நான் பெருமையா வாங்கி வச்சிருந்த கத்திய எடுத்து டென்ட் கயிறு அறுக்கப் போனா நைலான் கயிறு நார் நாரா பிரியுதே ஒழிய அறுபடல. தக்காளிய வெட்டினா நசுங்குது. கூட வந்தவனுங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே.

அதுக்கு முன்னாடி வாரம்தான் சைக்கிள்ல சாணை பிடிக்க வந்தவர்ட்ட குடுத்து தீட்டியிருந்தேன். தண்ணி தொடாம சக்கரத்துல வச்சு ஒரே அழுத்து, பொறி பறந்துச்சு, நானும் ஆகா ஓகோன்னு பாத்துட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து பாத்தா முனையோரமா ஊதா கலர்ல ஒரு பட்டை. அப்ப தெரியல, இப்ப தெரியும்: கார்பன் ஸ்டீல் 300 டிகிரி பக்கம் சூடானாதான் அந்த ஊதா வரும், வந்துருச்சுன்னா அந்த இடத்துல பதம் போச்சு, இரும்பு மெதுவாயிரும், எவ்வளவு தீட்டினாலும் ரெண்டு வெட்டுல மழுங்கிரும். ஊதா ஏறின அளவுக்கு மொத்தமா தேச்சு எடுத்தப்புறம்தான் கத்தி திரும்ப ஒழுங்கா நின்னுச்சு. அதனால முதல் விதி, தண்ணி விடாத சக்கரத்துல கத்திய குடுக்காதீங்க.

என்னென்ன வேணும்

தண்ணி ஊத்தித் தீட்டுற தண்ணிக்கல்லு ஒண்ணு, ஒரு பக்கம் 400 இன்னொரு பக்கம் 1000 (நம்பர் ஏற ஏற கல்லு நைசு). போதும். 3000, 8000ன்னு விக்கிறதெல்லாம் கேம்ப் கத்திக்கு வேஸ்ட்டுன்றது என் கருத்து, சவரமா பண்ணப்போறோம். காசு இல்லையா, ஹார்டுவேர் கடைல கருப்பா ரெண்டு பக்கமும் உள்ள கார்போரண்டம் கல்லு கேளுங்க, அதுவும் வேலை செய்யும், கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், அவ்வளவுதான். V மாதிரி பள்ளத்துல கத்திய இழுத்தா கூராகும்னு ஒரு பிளாஸ்டிக் சாமான் விக்கிறாங்களே, அது வேண்டவே வேண்டாம், வாய, அதான் வெட்டுற ஓரத்த, பிச்சு எடுத்துரும்.

அப்புறம் ஒரு மார்க்கர் பேனா, ஒரு ரூபா காசு கொஞ்சம், பழைய லெதர் பெல்ட்டு, ஈரத்துணி.

தீட்டுறது

கல்ல தண்ணில பத்து பதினஞ்சு நிமிஷம் போடுங்க, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும். ஈரத்துணி மேல கல்ல வச்சா வழுக்காது. தண்ணிக்கல்லுல எண்ணெய் விடாதீங்க, கல்லு கெட்டுரும்.

கத்தி வாயி ரெண்டு பக்கமும் ஓரமா மார்க்கர்ல கோடு அடிச்சுருங்க. ரெண்டு தேய் தேச்சு பாத்தா மை எங்க போயிருக்கோ அங்கதான் கல்லு படுது. மை முதுகுப் பக்கமா மட்டும் போயி ஓரத்துல அப்படியே இருந்தா கத்திய இன்னும் கொஞ்சம் தூக்கணும். ஓரத்துல மட்டும் போயிருந்தா ஓவரா தூக்குறீங்க.

எவ்வளவு தூக்கணும்? கேம்ப் கத்திக்கு ஒரு பக்கம் 20 டிகிரி. கோணமானியெல்லாம் தேடாதீங்க. கத்தியோட அகலத்துல மூணுல ஒரு பங்கு உயரத்துக்கு முதுகு கல்லுல இருந்து தூக்கி இருந்தா கிட்டத்தட்ட 20 டிகிரி வந்துரும். 3 செமீ அகலமான கத்தின்னா முதுகு 1 செமீ உயரத்துல. ரூபா காச அடுக்கி ஸ்கேல்ல 1 செமீ அளந்து, முதுகுக்குக் கீழ வச்சு அந்த நிலைய கை ஞாபகம் வச்சுக்கிட்டதும் காச எடுத்துருங்க.

இப்ப கல்லோட 400 பக்கத்துல, கத்தியோட ஒரு பக்கத்த மட்டும் தேய்ங்க.

இங்கதான் நான் ஆறு மாசம் மாட்டிக்கிட்டேன். பாத்த வீடியோ எல்லாத்துலயும் "இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது"ன்னு எண்ணிக்கை சொல்றாங்க, நானும் எண்ணி எண்ணி தேச்சேன், கத்தி பளபளன்னு இருக்கு, பேப்பர் கூட அறுக்கல. கடைசில பூப்பாறைல ஏலத்தோட்டத்துல வேலை பாக்குற எங்க மாமாதான் கத்திய வாங்கி விரலால ஒரு தடவு தடவிட்டு சொன்னாரு, "மாப்ள, நீ கத்தியத் தீட்டல, கல்லத்தான் தேச்சிருக்க. பிசிறே வரலையே."

பிசிறுன்னா என்னன்னா, ஒரு பக்கமா தேய்க்கத் தேய்க்க இரும்பு மெலிஞ்சு மெலிஞ்சு கடைசில வாயோரத்துல மறுபக்கமா மடங்கி ஒரு மெல்லிசான ஓரம் நிக்கும். அது வந்தாதான் கல்லு உண்மையிலேயே வாயோரம் வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம். வரலன்னா வாயோரத்த நீங்க தொடவே இல்ல, அதுக்கு மேல இருக்கிற தோள்பட்டையத்தான், அதான் சரிவு ஆரம்பிக்கிற எடத்தத்தான், தேச்சுட்டு இருக்கீங்க. மொக்கை கத்திக்கு இருபது தேய்ல வராது, நூறு தேய் கூட ஆகலாம், அதனால எண்ணாதீங்க, தடவிப் பாருங்க.

தடவுறது எப்படி: தேய்க்காத பக்கத்துல கட்டைவிரல முதுகுல வச்சு வாய்ப்பக்கமா வெளிய வழிச்சு விடுங்க. வாயோட நீளவாக்குல ஒருநாளும் விரல ஓட்டாதீங்க, அறுத்துரும். ஓரத்துல சொரசொரன்னு ஏதோ மாட்டினா அதான் பிசிறு. விரல் பயமா இருந்தா கொஞ்சம் பஞ்சு எடுத்து அதே மாதிரி வழிங்க, பிசிறு இருக்கிற எடத்துல பஞ்சு நூல் நூலா மாட்டும். நடுவுல வந்துரும், கைப்பிடி பக்கத்துலயும் முனையிலயும்தான் வராம ஏமாத்தும். நுனில இருந்து அடி வரைக்கும் முழுசா வந்தப்புறம்தான் திருப்பணும். அவசரப்பட்டு பாதியில திருப்பினீங்கன்னா திரும்ப முதல்ல இருந்து.

திருப்பி இந்தப் பக்கமும் அதே. இப்ப பிசிறு அந்தப் பக்கம் போயிருக்கும். அப்புறம் 1000 பக்கம், ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, அழுத்தத்த குறைச்சுக்கிட்டே வாங்க, கடைசி அஞ்சாறு தேய்ல கத்தியோட வெயிட்டு மட்டும்தான் கல்லு மேல இருக்கணும். மிச்சப் பிசிறு பெல்ட்டுல போகும். பெல்ட்டோட உள்பக்கத்துல கத்தி முதுகு முன்னாடி போற மாதிரி, அதாவது வாய் பின்னாடி இழுபடுற மாதிரி, ஒரு பக்கத்துக்கு பத்து பதினஞ்சு. வாய முன்னாடி தள்ளினா பெல்ட்டு அறுந்துரும், என் பெல்ட்டு அப்படித்தான் போச்சு.

டெஸ்ட்டு: நியூஸ்பேப்பர தொங்க விட்டு அறுத்துப் பாருங்க. டார்ச் வெளிச்சத்துல வாய நேரா பாத்தா எங்கயாவது வெள்ளையா மின்னுச்சுன்னா அந்த எடம் மழுங்கல்.

அப்டேட் 1: மோரா கம்பானியன்ற கத்தில இப்படி 20 டிகிரி தூக்கித் தீட்டினேன் கெட்டுப்போச்சுன்னு ஒருத்தர் கமெண்ட்ல. தப்பு என் மேலதான், சொல்லாம விட்டுட்டேன். மோரா மாதிரி ஸ்காண்டி வாய் உள்ள கத்திகள்ல அகலமான சரிவு ஒண்ணு தெளிவா தெரியும், அந்தச் சரிவையே கல்லு மேல படுக்க வச்சு தேய்ங்க, தனியா தூக்க வேண்டாம். ஒப்பினெல் மடக்குக் கத்திக்கு மேல சொன்ன முறையே சரி.

அப்டேட் 2: கொல்லம்பட்டறைல லாரி ஸ்பிரிங் பட்டைல அடிச்ச வெட்டுக்கத்திக்கு இந்தக் கல்லு தேவையில்ல. கத்திய மரக்கட்டைல அசையாம பிடிச்சு அரத்த வச்சு ராவுங்க, கோணமும் 25 டிகிரி பக்கம் இருக்கட்டும். மெல்லிசா தீட்டி விறகு வெட்டினா வாய் தெறிச்சுரும். என்னக் கேட்டா, விறகு பொளக்க அந்த நாட்டுக் கத்திக்கு எந்த பாரின் கத்தியும் ஈடு கிடையாது.

அப்டேட் 3, துரு: கம்பம் ஊர்ல வருஷக்கணக்கா கிடந்த கத்திக்கு ஒண்ணும் ஆகல, குமுளில ரெண்டு நாள் மஞ்சுல இருந்தா சிவந்துருது, ஏன்னு கேட்டிருந்தீங்க. ஈரம்தான் காரணம், அதுலயும் லெதர் உறைக்குள்ளயே வச்சிருந்தா உறை ஈரத்த பிடிச்சு வச்சுக்கும். வீட்ல வைக்கும்போது உறைய விட்டு வெளிய எடுத்து, துடைச்சு, லேசா எண்ணெய் தடவி வைங்க. தேங்காயெண்ணெய் ட்ரிப்புக்கு ஓகே, ரொம்ப நாள் கிடந்தா பிசுபிசுன்னு ஆயிரும். தையல் மிஷின் எண்ணெய் நல்லது, சாப்பாடு வெட்டுறதுக்கு முன்னாடி மட்டும் சோப்பு போட்டு கழுவிக்கங்க.

அப்டேட் 4: வேட்டைக்கு எந்தக் கத்தின்னு கேட்டவருக்கு: 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தப்புறம் அந்தக் கதையே வேண்டாம். கேரளால 2022ல பயிர அழிக்கிற காட்டுப்பன்னிய சுட உத்தரவு போடுற அதிகாரத்த உள்ளாட்சித் தலைவர்ங்ககிட்ட குடுத்தாங்க, அது உங்களுக்கும் எனக்கும் இல்ல. இன்னொண்ணு, சரணாலயத்துக்குள்ள எழுத்துல அனுமதி இல்லாம ஆயுதத்தோட போனா அதே சட்டப்படி குத்தம். தேக்கடி பக்கம் போனா கத்திய ரூம்லயே வச்சுட்டுப் போங்க. ஆயுத விதிகள்ல 9 இன்ச்சுக்கு மேல நீளமோ 2 இன்ச்சுக்கு மேல அகலமோ இருக்கிற கத்தி தனி வகை, வீட்டுக்கும் விவசாயத்துக்கும்னு செஞ்சதுக்கு விலக்கு இருக்கு, ஆனா செக்போஸ்ட்ல ராத்திரி நின்னு அத விளக்கிட்டு இருக்கிறதுக்கு பதிலா நாலு இன்ச் கத்தி வாங்கிட்டுப் போகலாம், கேம்ப்புக்கு அது தாராளம்.

அப்டேட் 5: கல்லு நடுவுல குழி விழுந்துருச்சுன்னு மூணு பேர் கேட்டாச்சு. நடுவுலயே தேச்சா அப்படித்தான், கல்லு முழுசும் பயன்படுத்துங்க. விழுந்ததுக்கு வழி: கல்லு மேல பென்சில்ல கட்டம் கட்டமா கோடு போட்டு, சமமான டைல்ஸ் மேல 220 நம்பர் வாட்டர் பேப்பர (தண்ணில நனைச்சுத் தேய்க்கிற உப்புத்தாள்) விரிச்சு தண்ணி விட்டு கல்ல கவுத்துப் போட்டுத் தேய்ங்க. குழி இருக்கிற எடத்துல கோடு அழியாம நிக்கும், அந்தக் கோடும் அழியுற வரைக்கும் தேய்ங்க.